அக்ரிமென்டில் வரும் 'இம்ப்ராக்டிகபிள்': முடியாதா, ஏலாதா, கட்டாதா?

#1 கந்தப்பளை மரக்கறி

வணக்கம். சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி காட்டுங்க.

நான் கந்தப்பளைப் பக்கம் ரெண்டு ஏக்கர்ல லீக்ஸும் கரட்டும் போடுறேன். போன வருஷம் ஓகஸ்ட்ல, கொழும்பு ஹோட்டல்களுக்கு மரக்கறி எடுத்துக் குடுக்கிற ஒருத்தரோட அக்ரிமென்ட் போட்டேன். கிழமைக்கு 300 கிலோ லீக்ஸ், 200 கிலோ கரட். ஒரு வருஷத்துக்கு ஒரே விலை.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்துச்சு. எங்க தோட்டத்துக் கீழ்ப்பக்கம் மூணுல ஒரு பங்கு சரிஞ்சு ஆத்துக்குப் போயிருச்சு. மெயின் ரோட்டுக்கு ஏறுற பாதை தாழ்ந்து, ஒரு ஆள் உயரத்துக்குப் பள்ளம். கரண்டும் இல்ல, போன் சிக்னலும் இல்ல. ஒன்பது நாளைக்கு ஒரு மூட்டை வெளியே போகல. அதுக்குப் பிறகு சின்ன லொறி போற மாதிரி ஒரு பாதை கிடைச்சது, ஆனா சுத்திப் போகணும். கூலி மூணு மடங்கு கேட்டாங்க. நான் அனுப்பல. மொத்தம் நாலு கிழமை சாமான் போகல.

இப்ப லோயர் கடிதம் வந்திருக்கு. அவரு வெளியில கூடின விலைக்கு வாங்கினாராம், வித்தியாசம் 320,000 ரூபாயை நான் கட்டணுமாம். அக்ரிமென்ட் இங்கிலிஷ்ல இருக்கு. இயற்கை அனர்த்தத்தால சாமான் குடுக்கிறது 'இம்ப்ராக்டிகபிள்' ஆனா நான் பொறுப்பில்லைன்னு அதுல ஒரு வரி இருக்கு. அவரு குடுத்த தமிழ்ப் பிரதியில அதே இடத்துல 'சாத்தியமற்றது' என்று போட்டிருக்கு. கடிதத்துல சொல்றது இதுதான்: "மாற்றுப் பாதை இருந்தது, ஆகவே சாத்தியமற்றதாக இருக்கவில்லை."

ரெண்டு சொல்லும் ஒன்னா? ராத்திரி தூக்கம் வரல.

#2 ரம்பொடை லொறி

அண்ணே, அந்தக் கிழமைகள்ல லொறி ஓட்டினவன் நான். மூணு மடங்கு கூலி கேட்டது பேராசை இல்லைன்னு முதல்ல சொல்லிக்கிறேன். நல்ல நாள்லயே ரம்பொடை வளைவுல பாரம் ஏத்தின லொறி ரெண்டாம் கியர்லதான் இறங்கும். அந்த நாட்கள்ல ஒவ்வொரு சரிவுகிட்டயும் நிறுத்தி, கிளீனர் பொடியனை இறக்கி மேல மண்ணைப் பார்க்கச் சொல்லித்தான் நகர்ந்தோம். வழக்கமா இரவு ஏத்தினா விடியறதுக்குள்ள பேலியகொடை மார்க்கெட்ல இருப்போம். சுத்திப் போனா மறுநாள் மத்தியானம் ஆயிரும். லீக்ஸ் அதுக்குள்ள தாள் மஞ்சளாகும். கழுவின கரட்டை மூட்டையில அவ்வளவு நேரம் வச்சா வேர்த்து, வழவழன்னு ஆகும். ஹோட்டல்காரன் அதை வாங்குவானா?

சட்டம் எனக்குத் தெரியாது. ரோடு தெரியும்.

#3 பதுளை மொழிபெயர்ப்பாளன்

உங்கள் கேள்வி மொழிக் கேள்வியாகவும் இருப்பதால் வருகிறேன். இருபது வருடமாகப் பத்திரங்கள் மொழிபெயர்க்கிறேன். இந்தச் சொல்லை நானும் பிழையாகப் போட்டிருக்கிறேன், அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நம்மிடம் மூன்று சொல் இருக்கிறது. கல்லுப்பாறையைத் தோளில் தூக்க 'முடியாது'. காய்ச்சலோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க 'ஏலாது'. இந்தச் சம்பளத்துக்குக் கொழும்பில் வாடகை எடுத்து இருக்கக் 'கட்டாது'. நம் வாயில் இவை மூன்றும் சில நேரம் கலந்து வரும். ஆனால் அம்மா "இன்றைக்கு ஏலாது" என்று சொன்னால், கால் இரண்டும் போய்விட்டதென்று யாரும் நினைப்பதில்லை. ஏறினால் ஏறலாம், ஆனால் அப்படி ஏறச் சொல்வது நியாயமில்லை என்றுதான் புரிந்துகொள்கிறோம்.

'இம்பொசிபிள்' என்பது முடியாது. 'இம்ப்ராக்டிகபிள்' என்பது ஏலாது. காரியம் கைக்கு எட்டாத இடத்தில் இல்லை, ஆனால் நியாயமான எந்த வழியாலும் செய்து முடிக்க இயலாது. அதைச் 'சாத்தியமற்றது' என்று பெயர்த்தவர் வாசலையே சுருக்கிவிட்டார். எனக்கு விட்டால் 'நடைமுறையில் நிறைவேற்ற இயலாதது' என்று போடுவேன். நீளம்தான், ஆனால் பொருள் கெடாது.

இன்னொன்று: 'இம்ப்ராக்டிகல்' என்ற சொல்லோடு இதைக் குழப்ப வேண்டாம். அது புத்தியில்லாத திட்டத்துக்குச் சொல்வது. கந்தப்பளையில் தென்னந்தோப்பு வைக்க நினைப்பதுபோல.

#4 ஹட்டன் சட்டத்தரணி

பொதுவான விளக்கம் மட்டும் தருகிறேன். பத்திரத்தைப் படிக்காமல் உங்கள் வழக்கில் வெற்றியா தோல்வியா என்று சொல்ல மாட்டேன்.

முதலில் பழைய சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று பாருங்கள். 1647இல் இங்கிலாந்தில் ஒரு குத்தகைக்காரர். அவருடைய நிலத்தை எதிரிப் படை பிடித்துக்கொண்டு அவரை வெளியே தள்ளிவிட்டது. அப்படியிருந்தும் குத்தகைப் பணத்தைக் கட்டு என்றது நீதிமன்றம். வாக்குக் கொடுத்தாய், விலக்கு எதுவும் எழுதவில்லை, ஆகவே உன் பாடு. இருநூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1863இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. லண்டனில் இசை நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்த மண்டபம், நிகழ்ச்சிக்கு முன்னரே எரிந்து போனது. யார் மேலும் குற்றமில்லை. மண்டபம் இருக்கும் என்பதை இரு தரப்பும் அடிப்படையாக வைத்தே பேசினார்கள், அது போனதும் கடமையும் போனது என்று தீர்ப்பு. இதுதான் 'முடியாது' வகை.

'ஏலாது' வகையைச் சட்டத்துக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்தது அமெரிக்கா. 1916இல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. பாலம் கட்டத் தேவையான சரளைக்கல் முழுவதையும் ஒருவருடைய காணியிலிருந்தே எடுப்பதாக ஒப்பந்தம். மேலே இருந்ததை எடுத்தார்கள். மீதி நீர்மட்டத்துக்குக் கீழே கிடந்தது. எடுக்கலாம், ஆனால் வழமைச் செலவைப்போல 10 முதல் 12 மடங்கு ஆகும். அளவுக்கு மீறிய, நியாயமற்ற செலவில் மட்டுமே செய்யக்கூடியது, சட்டத்தின் கண்ணில் செய்ய முடியாததற்குச் சமம் என்றது நீதிமன்றம். பின்னர் அவர்களுடைய வணிகச் சட்டத் தொகுப்பிலேயே இந்தச் சொல் ஏறியது.

ஆனால் இதை வைத்து எல்லாரும் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1956இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. சூடானிலிருந்து நிலக்கடலை அனுப்ப ஒப்புக்கொண்டவர், ஆபிரிக்காவைச் சுற்றிப் போனால் கப்பல் கூலி ஏறும் என்று கைவிட்டார். இங்கிலாந்தின் உச்ச நீதிபீடம் அவர் பக்கம் நிற்கவில்லை. டெக்சாஸிலிருந்து ஈரானுக்குக் கோதுமை ஏற்றிய கப்பல் அப்படிச் சுற்றித்தான் போனது. கூடுதல் செலவைக் கேட்டு வழக்குப் போட்டது. 1966இல் அமெரிக்க நீதிமன்றமும் இல்லை என்றது. கோதுமை கெட்டுப்போகும் பண்டமல்ல, மாலுமிகளுக்கும் கப்பலுக்கும் அந்தப் பாதை புதிதல்ல, செலவு கூடியது மட்டும் போதாது.

தம்பி, உங்கள் எதிர்த்தரப்புக் கடிதம் இந்தக் கடலைக் கதையைத்தான் சொல்கிறது. ஆனால் கடலையும் கோதுமையும் ஒரு மாதம் கப்பலில் கிடக்கும். லீக்ஸ் கிடக்காது. #2இல் லொறிக்காரத் தம்பி எழுதியதைப் பத்திரமாக வைத்திருங்கள், அது சாட்சியம்.

#5 கொழுந்துக்கூடை

மன்னிக்கணும், எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும். 2021ல எங்க அம்மா அப்பாவுக்கு நாள் சம்பளம் 1000 ரூபான்னு சம்பளச் சபை மூலமா வர்த்தமானி வந்துச்சு. கம்பனிகள் என்ன சொன்னாங்க? கட்டுப்படியாகாது, நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு நீதிமன்றத்துக்குப் போனாங்க. இப்ப அதே சொல்லுக்கு நாம நல்ல விளக்கம் தேடுறோம். இன்னைக்கு விவசாயிக்கு உதவுற கதவு, நாளைக்குத் துரைமாருக்கும் திறக்காதா?

#6 ஹட்டன் சட்டத்தரணி

திறக்காது என்று எழுதவே இரவில் உட்கார்ந்திருக்கிறேன்.

குறைந்தபட்சச் சம்பளம் ஒப்பந்தத்தால் வந்த கடமை அல்ல, சட்டத்தால் வந்தது. "எனக்குக் கட்டாது" என்று சொல்லி அதிலிருந்து விலக, நாம் பேசும் இந்தக் கோட்பாடு உதவாது. கம்பனிகள் நீதிமன்றத்தில் எடுத்த வாதங்கள் வேறு வகை.

அதைவிட முக்கியம், ஒப்பந்தத்திலும்கூட 'கட்டாது' என்பது 'ஏலாது' ஆவதில்லை. 1956இல் தீர்ந்த ஓர் ஆங்கில வழக்கில் 78 வீடுகளை எட்டு மாதத்தில் கட்டித் தர ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு ஆட்கள் கிடைக்காமல் 22 மாதம் ஆனது. பெரும் நட்டம். ஆனால் சிரமம், நட்டம், தாமதம் இவை மட்டும் ஒப்பந்தத்தை உடைக்காது, செய்ய வேண்டிய வேலையே வேறொன்றாக மாறியிருக்க வேண்டும் என்றார்கள். இந்தியாவில் 2017இல் இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதைக் காட்டி மின்சார நிறுவனங்கள் விலக்குக் கேட்டன. உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே நீதிமன்றம் 1954இல், 'இயலாதது' என்பதை உடலால் செய்ய முடியாதது என்று மட்டும் சுருக்கக் கூடாது, தரப்பினர் மனதில் வைத்த நோக்கமே அடிபட்டுப் போனதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். கதவு இருக்கிறது, ஆனால் இலாபம் குறைந்தவருக்கு அல்ல.

நம் நாட்டில் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. எத்தனையோ பேர் இந்தச் சொல்லோடு என் மேசைக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களிடம் "இது விலை ஏற்றம் மட்டும்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது உரம் இறக்கித் தர ஒப்புக்கொண்டிருந்தவருடைய நிலை வேறு. அங்கே சட்டமே கையைக் கட்டியது.

#7 வெலிமடை டீச்சர்

நான் சட்டம் பகுதிநேரமாகப் படிக்கிறேன். ஒரு சந்தேகம் சேர். 'ப்ராக்டிகபிள்' என்ற சொல் தொழிற்சாலைப் பாதுகாப்பிலும் வருகிறதே, அங்கே அளவுகோல் வேறா?

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினுக்குக் காப்பு மூடி போடவில்லை, போட்டால் வேலை தாமதமாகும் என்று சொன்னதாக என் மாணவி ஒருத்தியின் அப்பா சொன்னார். அவருடைய வலது கையில் இரண்டு விரல் இல்லை.

#8 ஹட்டன் சட்டத்தரணி

கேட்க மனம் கனக்கிறது தங்கச்சி. ஆம், அளவுகோல் வேறு. அங்கே 'நியாயமாக இயன்றவரை' என்ற சொல்லுக்கு 1949இல் ஓர் ஆங்கிலச் சுரங்க வழக்கு விளக்கம் தந்தது. தராசின் ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம். ஆபத்தோடு ஒப்பிட்டால் செலவு மிக மிக அதிகம் என்று முதலாளி காட்டினால்தான் அவருக்கு விலக்கு. ஒரு மூடிக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த அப்பாவிடம் தொழிற்சாலைப் பரிசோதகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது இடமும் உண்டு. அமெரிக்காவில் பலர் சேர்ந்து ஒரே வழக்காகப் போடும்போது, எல்லாரையும் தனித்தனியாகச் சேர்ப்பது 'இம்ப்ராக்டிகபிள்' என்று காட்ட வேண்டும். அங்கே சொல் மிகவும் இளகிவிடும். நாற்பது பேர் அளவில் இருந்தாலே பல நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்கின்றன. நம் குடியியல் நடைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவும், பொதுநலன் ஒன்றாக உள்ள பலருக்காகச் சிலர் வழக்காட வழி தருகிறது. சொல் ஒன்று, அளவு மூன்று. எந்தச் சட்டத்துக்குள் நிற்கிறீர்கள் என்று பார்க்காமல் பொருள் சொல்லக் கூடாது.

#9 கந்தப்பளை மரக்கறி

எல்லாருக்கும் நன்றி. சேர், உங்ககிட்ட ஒன்னு மறைச்சுட்டேன். அதைச் சொல்லாம உங்க பதிலை வாங்கிக்கிறது சரியில்ல.

பாதை கிடைச்ச பிறகு மேல் வரிசையில இருந்த லீக்ஸ் சுமார் 450 கிலோவை நுவரெலியாவுல ஒரு வியாபாரிக்குக் குடுத்தேன். கையில காசு இல்ல, கூலிக்காரங்களுக்கு ரெண்டு கிழமை பாக்கி. அவரு தோட்டத்துக்கே வந்து எடுத்தாரு, அக்ரிமென்ட் விலையை விட ரொம்பக் கூட. கொழும்புக்காரருக்கு அதைப் பத்தி ஒன்னும் சொல்லல.

இன்னொன்னு, ஏழு நாளைக்குள்ள எழுத்துல அறிவிக்கணும்னு இருக்கு. நான் பதினோராம் நாள் வாட்ஸ்அப்ல வொய்ஸ் மெசேஜ்தான் போட்டேன். சிக்னல் அன்னைக்குத்தான் வந்துச்சு.

#10 பதுளை மொழிபெயர்ப்பாளன்

இதை வெளியே சொன்னதற்கு உங்களை மதிக்கிறேன். இப்போதுதான் கேள்வி தெளிவாகிறது: ஏலாதது எது, எத்தனை நாள்?

#11 ஹட்டன் சட்டத்தரணி

சரி, இப்போது நேரே உங்கள் விடயத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் ஒப்பந்தத்தின் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டம். பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அது ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. இரண்டிலும் தானாகக் கிடைக்கும் விலக்கு குறுகியது, 'முடியாது'க்கு அருகில். உங்களுக்கு வாய்ப்பாக இருப்பது, ஒப்பந்தமே 'இம்ப்ராக்டிகபிள்' என்ற அகலமான சொல்லைப் போட்டிருப்பது. அதை எழுதியவர் அவர். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால், எழுதியவருக்குப் பாதகமான பக்கம் சாய்த்து வாசிப்பது வழக்கம். தமிழ்ப் பிரதி குறுகியிருந்தால், எந்தப் பிரதி மேலோங்கும் என்று பத்திரத்தில் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். "இங்கிலிஷ் விளங்காமல் கையெழுத்து வைத்தேன்" என்பதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். கையெழுத்திட்டவரைச் சட்டம் எளிதில் விடாது.

அடுத்து, பத்திரத்தில் 'எனது தோட்டத்தில் விளையும் லீக்ஸ்' என்று இருக்கிறதா, வெறும் 'லீக்ஸ்' என்று இருக்கிறதா? இதில்தான் வழக்கின் உயிர். 1876இல் இங்கிலாந்தில் ஒரு விவசாயி, குறிப்பிட்ட தன் காணியில் விளையும் 200 தொன் உருளைக்கிழங்கு தருவதாகச் சொன்னார். நோய் விழுந்து 80 தொன் அளவுதான் தேறியது. மீதிக்கு நட்டஈடு கட்டத் தேவையில்லை என்றார்கள், ஏனென்றால் அந்தக் காணியின் கிழங்குதான் பேச்சு. வெறும் 'கிழங்கு' என்றிருந்தால் சந்தையில் வாங்கியாவது கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் விளைந்த 80 தொன்னை அவர் கொடுத்தார். இதை மறக்க வேண்டாம். 1972இல் இன்னொரு விவசாயி, 275 தொன் பார்லி தருவதாகச் சொல்லி, விளைச்சல் 140 தொன்னாகக் குறைந்ததும் அதை வேறொருவருக்குக் கூடிய விலைக்கு விற்றார். விளையாததற்குப் பொறுப்பில்லை, விளைந்ததைக் கொடுக்காததற்குப் பொறுப்பு என்று தீர்ந்தது. தம்பி, அந்த 450 கிலோ இதுதான். அதை நியாயப்படுத்தி நான் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டேன்.

மழைக்காலம் எதிர்பார்த்ததுதானே, நம் மலையில் மண் சரிவது புதிதா என்று அவர்கள் கேட்பார்கள். 2014 மீரியபெத்தை மண்சரிவை மறந்தவர் யார்? ஆனால் மழையை எதிர்பார்ப்பது வேறு, மலைப்பாதைகள் ஒரே கிழமையில் அறுந்து போவதை எதிர்பார்ப்பது வேறு. இதில் உங்கள் பக்கம் பலம்.

ஆக, என் கண்ணில் இப்படிப் பிரிகிறது. முதல் ஒன்பது நாள் ஏலாதது மட்டுமல்ல, முடியாததே. சரிந்துபோன காணியின் விளைச்சலும் அப்படியே, பத்திரம் உங்கள் தோட்டத்தைச் சொன்னால். மீதி நாட்களில் மூன்று மடங்கு கூலி மட்டும் என்றால் நான் தயங்குவேன். சூயஸ் வழக்குகள் குறுக்கே நிற்கும். கூலியோடு, போய்ச் சேரும்போது பண்டமே பண்டமாக இருக்காது என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும். 450 கிலோவுக்கு நீங்கள் பொறுப்பு. அறிவித்தல் தாமதத்துக்குச் சிக்னல் இல்லாததைக் காரணம் காட்டலாம், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

நேரே நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். இப்படிப்பட்ட சிறிய பணத் தகராறு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே தமிழில் பேசலாம்.

#12 ரம்பொடை லொறி

அந்த நாட்கள்ல நான் ஏத்தின லோட்ல எத்தனை மூட்டை திருப்பி விட்டாங்கன்னு சிட்டை இருக்கு. போட்டோ எடுத்து அனுப்புறேன் அண்ணே. சபைக்கு வரச் சொன்னாலும் வாரேன்.

#13 கொழுந்துக்கூடை

சேர், நான் கோபமா எழுதினதுக்கு நீங்க ஆறுதலா விளக்கினீங்க. 'கட்டாது' வேற, 'ஏலாது' வேற. இதை எங்க தோட்டத்து இளைஞர் மன்றத்துல வாசிச்சுக் காட்டப் போறேன்.

#14 கந்தப்பளை மரக்கறி

பத்திரத்தை மறுபடி பார்த்தேன். 'வழங்குநரின் கந்தப்பளைக் காணியில் பயிரிடப்படும்' என்று முதல் பக்கத்துலயே இருக்கு. நூறு தடவை பார்த்த பக்கம், கண்ணுல படல.

கொழும்புக்காரருக்கு நானே போன் எடுத்தேன். 450 கிலோவை வித்ததை ஒப்புக்கிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பிறகு அவரும் ஹோட்டல்காரங்ககிட்ட ஏச்சு வாங்கினதைச் சொன்னாரு. அந்த 450 கிலோவோட வித்தியாசத்தைத் தவணையில கட்டுறேன்னு சொல்லியிருக்கேன். மீதியைப் பத்தி மத்தியஸ்த சபையில பேசலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். புது அக்ரிமென்ட் போட்டா அந்த வரியைத் தமிழ்ல எப்படி எழுதணும்?

#15 பதுளை மொழிபெயர்ப்பாளன்

இப்படி எழுதிப் பாருங்கள், சட்டத்தரணி சேர் திருத்தட்டும்:

"மண்சரிவு, வெள்ளம், பாதை மூடல் ஆகியவற்றால், வழங்குநரின் காணியில் விளைந்த மரக்கறியை நல்ல நிலையில் கொண்டு சேர்ப்பது நடைமுறையில் இயலாது போனால், அல்லது ஏற்றுகூலி வழமையின் இரு மடங்கைத் தாண்டினால், அந்நாட்களுக்கு வழங்குநர் பொறுப்பல்லர். கைவசமுள்ள விளைச்சலை முதலில் வாங்குநருக்கே தெரிவிக்க வேண்டும். தொலைபேசிக் குரல் செய்தியும் அறிவித்தலாகும்."

#16 ஹட்டன் சட்டத்தரணி

நன்று. 'தமிழ்ப் பிரதியே மேலோங்கும்' என்று ஒரு வரி சேருங்கள்.

#17 கந்தப்பளை மரக்கறி

கொப்பியில எழுதி எடுத்துட்டேன். 'இரு மடங்கு' என்றதுக்கு அவரு ஒத்துக்குவாரான்னு தெரியல. செவ்வாய்க்கிழமை சபையில கேட்கிறேன்.